ஆண்டனியின் படைக்காசு: எண் ஆறா, ஏழா, எட்டா?

பழங்காசு எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரு வெள்ளிக்காசு என் மேசையை விட்டு அகலவில்லை. லண்டனில் இருக்கும் என் அத்தை மகள் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு கடையில் ரசீதோடு வாங்கிக் கொண்டுவந்து தந்தாள். ரோமத் தளபதி மார்க் ஆண்டனி தன் படைகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக அடித்த தெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசு. கி.மு. 32-31, அதாவது ஆக்டேவியனோடு அவர் மோதிய ஆக்டியம் கடற்போருக்கு முந்தைய மாதங்களைச் சேர்ந்தது. எடை 3.1 கிராம். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் துடுப்பு நீட்டிய போர்க்கப்பல். ஐந்து துடுப்புகள் தெளிவாக இருக்கின்றன, மற்றவை தேய்ந்துவிட்டன. பின்பக்கத்தில் நடுவே கழுகுக்கொடி, இருபுறமும் இரண்டு படைக்கொடிகள். கொடிக்கம்பங்களுக்கு இடையே கீழே, இடப்புறத்தில் 'லெக்' என்ற மூன்று எழுத்து. லீஜியன் என்ற படைப்பிரிவுப் பெயரின் சுருக்கம். வலப்புறத்தில் அந்தப் பிரிவின் எண். என் சிக்கல் அந்த எண்ணில்தான். ரோம எண்ணில் ஐந்தைக் குறிக்கும் கூர்க்குறி நன்றாகத் தெரிகிறது. அதன் பக்கத்தில் செங்குத்துக் கோடு ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் யாரோ பிறை வடிவில் ஓர் உளிமுத்திரை குத்தியிருக்கிறார்கள். பிறைக்கு அடியில் இன்னொரு கோடு இருப்பதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன். ஆறா, ஏழா, எட்டா?

இன்னொன்றையும் உங்களிடம் கேட்க வேண்டும். இந்தக் காசில் ஆண்டனியின் முகம் இல்லை. இதற்குச் சற்று முன்பு அவர் அடித்த தெனாரியஸில் ஒருபுறம் அவர் முகம், மறுபுறம் கிளியோபாட்ராவின் முகம். 'அரசர்களுக்கு அரசி, அரசர்களான பிள்ளைகளின் தாய்' என்ற பொருளில் எழுத்து வேறு. அப்படிப்பட்டவர், உயிரையே பணயம் வைத்த போருக்கு முன்னால், தன் முகத்தையும் எடுத்துவிட்டார், அவள் முகத்தையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் படைப்பிரிவின் எண்ணை வைத்தார். உள்நாட்டுப் போர்க்காலத்துக் காசுகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். என் எண்ணம் இதுதான்: அந்தக் காசுகளின் முதல் வாசகன் சிப்பாய். 'நான் யார் பார்' என்று சொல்லும் காசைவிட 'நீ யார் என்று எனக்குத் தெரியும்' என்று சொல்லும் காசு அவனை அதிகம் பிடித்து வைத்திருக்கும்.

வைகைக்கரையாள் எழுதியது:

படங்களுக்கு நன்றி, பழங்காசு ஐயா. எண்ணைப் பற்றி உரைகல் ஐயா வந்து சொல்லட்டும். ஆனால் முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரோமில் உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் போடும் வழக்கமே இல்லாமல் இருந்தது. கி.மு. 44இன் தொடக்கத்தில் சீசர் அதை உடைத்தார். 'நிரந்தரச் சர்வாதிகாரி' என்ற பட்டத்தோடு அவருடைய முகம் காசடிக்கும் இடமான ரோம் அக்கசாலையில் இருந்து வெளிவந்தது. மார்ச் 15 அன்று அவரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு முகம் ஓய்ந்ததா? ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்ட ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் மூவருமே தங்கள் முகத்தைப் போட்டார்கள். செக்ஸ்டஸ் பாம்பே சிசிலியில் இருந்துகொண்டு, இறந்துபோன தன் தந்தையின் முகத்தைப் போட்டார். ரோமின் கிழக்கத்திய எதிரிகளான பார்த்தியர்களோடு சேர்ந்து ரோம மாகாணங்களுக்குள் புகுந்த குவின்டஸ் லாபியேனஸ்கூடத் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது புரூட்டஸின் காசு. முடியாட்சி வரக்கூடாது என்பதற்காகச் சீசரைக் கொலை செய்தவர். கி.மு. 42இல் தன் படையோடு நகர்ந்த அக்கசாலையில் அவர் அடித்த தெனாரியஸின் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலையான அடிமை அணியும் குல்லாய், கீழே 'மார்ச் நடுநாள்' என்ற எழுத்து. முன்பக்கத்தைத் திருப்பினால் புரூட்டஸின் சொந்த முகம்! காஷியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் இந்தக் காசைக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார். முகம்தான் படையைக் கட்டிவைத்தது. ஆண்டனியின் படைக்காசு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதி எழுதக் கூடாது.

உரைகல் எழுதியது:

தம்பி, முதலில் எண். ஒன்பதுக்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம் என்று நிற்காதீர்கள், ஒன்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் ஒன்பதாம் பிரிவுக்கு இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்: பத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டும் உண்டு, ஐந்துக்குப் பின்னால் நான்கு கோடு போட்டும் உண்டு. ஆனால் உங்கள் காசில் கூர்க்குறிக்கும் கொடிக்கம்பத்துக்கும் இடையே இருக்கும் இடத்தைப் பார்த்தால் நான்கு கோடு கொள்ளாது. விளக்கை நேர்மேலே வைத்து எடுத்த படங்களில் இனி எதுவும் தெரியப்போவதில்லை. காலை ஏழு மணி வெயில் சன்னல் வழியாகப் படுக்கையாக விழும்போது, காசை விரல்நுனியில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். எழுத்தின் மேடு நிழல் கொடுக்கும். கீறல் நிழல் கொடுக்காது. உளி குத்தியதில் விளிம்பு பிதுங்கி எழுந்த வெள்ளி இருக்கிறதே, அதுவும் நிழல் கொடுக்கும், ஆனால் அதன் நிழல் வளைந்திருக்கும்.

அந்தப் பிறையைக் குறையாக எண்ண வேண்டாம். காசு மாற்றுபவர்கள் குத்தியது. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக்காசு இந்த வகையில் நிறைய உண்டு. குத்திப் பார்த்தால் செம்பு தெரிந்துவிடும். உங்கள் காசில் குத்தின பள்ளத்துக்குள்ளும் வெள்ளைதான் தெரிகிறது. நல்ல காசு.

அடுத்து முகம். நான் ஐம்பது ஆண்டு பட்டறையில் இருந்தவன். அச்சு வெட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதனின் முகத்தைக் கண்ணாடி பிம்பமாக இரும்பில் குழித்து வெட்ட நல்ல கைகாரன் வேண்டும், நாளும் வேண்டும். கப்பலுக்கு ஒரு வளைகோடு, துடுப்புக்குச் சாய்கோடுகள். கழுகும் இரண்டு கொடியும் கற்றுக்குட்டிகூட வெட்டிவிடுவான். எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த படைப்பிரிவுக்கு அச்சு தயார். முதலாம் பிரிவில் தொடங்கி இருபத்து மூன்று வரை எண்கள் கிடைக்கின்றன. அதோடு மெய்க்காவல் படைக்கும் வேவுப்படைக்கும் தனித்தனிக் காசு. ஒரு பிரிவில் 5,000 பேர், ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் சீசர் நிர்ணயித்த 225 தெனாரியஸ் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இருபத்து மூன்று பிரிவுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் வருகிறது. பிரிவுகள் முழு எண்ணிக்கையில் இருந்திருக்காது, பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒன்றேகால் கோடி. சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த காசு! முகம் வெட்டிக்கொண்டு உட்கார நேரம் ஏது?

பழங்காசு எழுதியது:

உரைகல் ஐயா, படுக்கை வெயிலில் பார்க்கிறேன். இரண்டு நாளாக மழை மூட்டம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் என்ற உங்கள் காரணம் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அவசரம் மட்டும் என்றால் எண்ணையும் விட்டிருக்கலாமே? ஒரே அச்சு எல்லாருக்கும் போதும். இருபதுக்கு மேற்பட்ட எண்களைத் தனித்தனியாக வெட்டியது கூடுதல் வேலை. பன்னிரண்டாம் பிரிவுக்கு 'தொன்மையான' என்றும், பதினேழாம் பிரிவுக்குக் 'கப்பற்படையின்' என்றும், பதினெட்டாம் பிரிவுக்கு 'லிபியாவின்' என்றும் அடைமொழி சேர்த்த காசுகளும் இருக்கின்றன. அவசரத்தில் இருப்பவன் அடைமொழி சேர்ப்பானா?

வைகைக்கரையாள் அம்மா சொன்ன பட்டியல் சரி. ஆனால் அந்த முகங்கள் எல்லாம் எதிரி யார் என்பதில் குழப்பமில்லாத காலத்தவை. கி.மு. 32இல் ஆக்டேவியன் போர் அறிவித்தது கிளியோபாட்ராவின் மீது மட்டும். ஆண்டனி பெயரே அதில் இல்லை. ஆண்டனியின் சிப்பாய்களில் பலர் இத்தாலியில் பிறந்தவர்கள். 'எகிப்திய அரசிக்காகச் சாகப்போகிறாயா?' என்ற கேள்விதான் எதிர்ப்பக்கத்தின் முதல் ஆயுதம். அந்த நேரத்தில் அவன் கையில் அரசியின் முகம் போட்ட காசைக் கொடுக்க முடியுமா? கழுகுக்கொடி அவன் சத்தியம் செய்த கொடி. கொடியை எதிரியிடம் விட்டுவிட்டு ஓடுவது பிரிவுக்கே தீராத இழுக்கு. அந்தக் கொடியின் கீழ் அவனுடைய எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

முன்பக்க எழுத்தையும் பாருங்கள். ஆண்டனியின் பெயருக்குப் பின்னால் வரும் 'அவ்க்' என்பதை, ஆக்டேவியன் பின்னாளில் பெற்ற பட்டமான அகஸ்டஸ் என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது புள்நிமித்தம் பார்க்கும் பூசகர் பதவி. அடுத்து 'குடியரசைச் சீர்செய்யும் மூவரில் ஒருவர்' என்ற பட்டம். அந்த மூவர் ஆட்சியின் காலக்கெடு கி.மு. 33 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆண்டனி விடவில்லை. பழைய ரோமப் பட்டங்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காசில் எகிப்து என்ற சொல்லே இல்லை.

வைகைக்கரையாள் எழுதியது:

அடைமொழி பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்துவிட்டது. சரி, ஆண்டனி வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எகிப்து இல்லை என்கிறீர்களே, வெள்ளியில் இருந்திருக்கலாம் அல்லவா? கிளியோபாட்ரா அந்தப் போருக்கு 20,000 தாலந்து பணம் கொடுத்தாள் என்று கிரேக்க எழுத்தாளர் பிளூட்டார்க் எழுதுகிறார். முகத்தை எடுத்துவிட்டாலும் பணம் அவளுடையது.

பிளூட்டார்க் இன்னொன்றும் சொல்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா நிகார்க்கஸ் சொன்ன கதை. கிரேக்கத்தில் அவர்கள் ஊரான கைரோனேயாவின் மக்கள் எல்லாரும், ஆண்டனியின் படைக்காக, அளந்து கொடுத்த கோதுமையைத் தோளில் சுமந்து அந்திகைரா கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் சாட்டையடி. ஒரு நடை சுமந்தாயிற்று. இரண்டாவது நடைக்குக் கோதுமை அளந்து வைத்துச் சுமை தூக்கப்போகும் நேரத்தில் ஆண்டனி தோற்ற செய்தி வந்தது. அதிகாரிகளும் சிப்பாய்களும் ஓடிவிட்டார்கள். ஊரார் அந்தக் கோதுமையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உங்கள் காசின் வெள்ளிக்குப் பின்னால் இப்படி எத்தனை தோள்கள் இருக்கின்றன என்று பாருங்கள் ஐயா. சிப்பாயோடு மட்டும் கதையை நிறுத்திவிடாதீர்கள்.

கரூர்க்காரன் எழுதியது:

நான் வரலாறு படித்தவன் இல்லை, சேகரிப்பவன். ரசீது இருக்கிறது என்று சொன்னீர்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு முன் அந்தக் காசு யாரிடம் இருந்தது என்ற விவரத்தையும் கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள். மேலே பேசிய அதே மார்ச் நடுநாள் காசின் தங்க வடிவம் 2020 அக்டோபரில் லண்டனில் ஏலம் போனது, ஏறக்குறைய 27 லட்சம் பவுண்டுக்கு. பிறகு அதன் முந்தைய உரிமை பற்றிய ஆவணம் பொய் என்று தெரிந்து, 2023இல் அமெரிக்க அதிகாரிகள் காசைக் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள்.

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் ஊர் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசு கிடைப்பது எல்லாருக்கும் தெரியும். கோவை, பொள்ளாச்சிப் பக்கமும் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கிடைத்த வெள்ளித் தெனாரியஸில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்கள் இருவருடையவைதானே? அதிலும் அகஸ்டஸின் பேரன்கள் இருவர் நிற்கும் ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆண்டனி இத்தனை கோடி அடித்திருந்தால் அதெல்லாம் எங்கே போயிற்று?

உரைகல் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள். மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மைதான் காரணம்.

அந்தக் காலத்து நல்ல தெனாரியஸில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெள்ளி இருக்கும். ஆண்டனியின் படைக்காசு மாற்றுக் குறைந்தது. இதை முதலில் எழுதிவைத்தவர் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. ஆண்டனி தெனாரியஸில் இரும்பைக் கலந்தார் என்பது அவர் கூற்று. பட்டறையில் இருந்தவன் இதை நம்பமாட்டான். வெள்ளியும் இரும்பும் உருக்கில் ஒன்றோடொன்று சேராது. கலந்தது செம்பு, இக்காலச் சோதனைகளும் அதையே காட்டுகின்றன. பிளினி பொருளில் தவறினாலும் ஆளில் தவறவில்லை. நூறு ஆண்டு கழித்தும் ஆண்டனி காசு மட்டம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது கடல் தாண்டி மிளகு வாங்கவரும் வணிகன் எதை எடுத்துவருவான்? நம் ஊரில் காசை எடைக்கும் மாற்றுக்கும்தான் எடுத்தார்கள். ஆகவே நல்ல வெள்ளியைத் தேர்ந்து எடுத்துவந்தான். மட்டமானது அங்கேயே தங்கிவிட்டது. கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் மாற்றையும் குறைத்தார். அதுவரை ஒரு ராத்தலுக்கு 84 தெனாரியஸ், அதன் பிறகு 96. அப்போது பழைய நல்ல காசெல்லாம் பெட்டிக்குள்ளும் உலைக்குள்ளும் போயிற்று. கி.பி. 107 வாக்கில் பேரரசர் டிராஜன் தேய்ந்த காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார். ஆண்டனியின் காசை உருக்கினால் லாபம் இல்லை. கைமாறிக் கைமாறி, கப்பல் தேய்ந்து, கழுகு தேய்ந்து, இருநூறு ஆண்டுக்கு மேல் புழங்கியது. பிரிட்டனில் கிடைத்த மிகப் பிற்காலப் புதையல்களில்கூட வழவழவென்று தேய்ந்த ஆண்டனி காசு இருக்கிறது. உங்கள் காசு 3.1 கிராமுக்கு இறங்கியிருப்பதும் அதனால்தான், தம்பி. அடித்தபோது அரைக் கிராமாவது கூட இருந்திருக்கும்.

மன்னார்க்கடல் எழுதியது:

எடை என்றதும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அதுவும் பிளினி எழுதியதே. பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கைக் கரையில் ஒதுங்கினார். ஆறு மாதம் அரசனின் விருந்தினராக இருந்தார். அவரிடம் இருந்த தெனாரியஸ்களை அரசன் பார்த்தான். முகங்கள் வெவ்வேறு, ஆனால் எடை எல்லாம் ஒன்று. முகம் மாறியும் எடை மாறாத அந்த நேர்மையை வியந்து, ரோமுக்குத் தூதர்களை அனுப்பினான் என்கிறார் பிளினி.

அந்தப் பையில் ஆண்டனி காசு ஒன்று இருந்து, அரசனின் பொற்கொல்லன் அதை உரைத்துப் பார்த்திருந்தால் தூது போயிருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் நாட்டில் இன்று அகழ்வில் கிடைப்பவை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகள். தெனாரியஸ் அரிது.

வைகைக்கரையாள் எழுதியது:

பழங்காசு ஐயா, உங்கள் கருத்துக்கு எதிராகத் தொடங்கினேன், இப்போது உங்களுக்கு ஆதரவாக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்.

கி.பி. 68. ஸ்பெயினில் ஆளுநர் கால்பாவும், இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் (Gaul) நாட்டில் ஆளுநர் விண்டெக்ஸும் நீரோவுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள். அந்தக் குழப்பத்தில் யாருடைய பெயரும் முகமும் இல்லாத தெனாரியஸ்கள் வெளிவருகின்றன. 'மனிதகுலத்தின் நலம்', 'பழிவாங்கும் மார்ஸ்' என்று எழுத்து. ஒன்றில் புரூட்டஸின் குல்லாயும் இரண்டு குத்துவாளும் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. 'ரோம மக்களின் விடுதலை மீட்கப்பட்டது' என்ற எழுத்தோடு. இடையில் ஏறத்தாழ 110 ஆண்டு! புரூட்டஸின் முகம் மட்டும் திரும்பி வரவில்லை. இன்னொரு வகையில் இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் 'படைகளின் விசுவாசம்', மறுபக்கம் 'மெய்க்காவல் படையின் விசுவாசம்'. அதைக் கையில் வாங்குபவனிடம் நேராகப் பேசும் காசு அது. நீங்கள் சொன்ன முதல் வாசகன் அவனே.

ஆப்பிரிக்காவில் குளோடியஸ் மேக்கர் என்ற படைத்தலைவர் தன் பெயரில் காசடித்தார், தன் படைப்பிரிவுகளின் பெயரையும் போட்டார். பேரரசர் என்று சொல்லிக்கொள்ளாமல், 'செனட்டின் ஆணைப்படி' என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். நீரோவுக்குப் பின் பேரரசரான கால்பா அவரை உயிரோடு விட்டுவைக்கவில்லை.

ஆனால் காசில் கைகோத்தால் போதாது. மெய்க்காவல் படையில் ஆளுக்கு 7,500 தெனாரியஸ் தருவதாகக் கால்பாவின் பெயரால் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கால்பா கொடுக்கவில்லை. 'வீரர்களை நான் தேர்ந்தெடுப்பேன், விலைக்கு வாங்கமாட்டேன்' என்றார். கி.பி. 69 ஜனவரி 15 அன்று ரோமின் நடுச்சதுக்கத்தில் அவரை வெட்டிக் கொன்றவர்கள் அந்தச் சிப்பாய்களே. அடுத்துப் பேரரசராக வந்த ஓத்தோ 'உலகமெங்கும் அமைதி' என்று தெனாரியஸ் அடித்தார். மூன்று மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் காசை என்னால் மனவருத்தம் இல்லாமல் பார்க்க முடிவதில்லை.

பழங்காசு எழுதியது:

அம்மா, விசுவாசக் காசை நான் இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை. நன்றி.

ஆண்டனிக்கும் அதே கதைதான். கி.மு. 31 செப்டம்பர் 2 அன்று ஆக்டியத்தில் கடற்படை தோற்று ஆண்டனி எகிப்துக்குப் போய்விட்டார். கரையில் இருந்த பத்தொன்பது பிரிவுகளும் அவர் திரும்பி வருவார் என்று ஏழு நாள் காத்திருந்ததாகப் பிளூட்டார்க் எழுதுகிறார். மடியில் இந்தக் காசு இருந்திருக்கும். பிறகு தளபதியே ஓடிப்போனதும் ஆக்டேவியனிடம் சரணடைந்தார்கள். காசு செல்லாது என்று ஆக்டேவியன் அறிவிக்கவில்லை. அவனவன் எண் போட்ட காசை அவனவன் செலவழித்தான்.

உரைகல் ஐயா, இன்று காலை வெயில் வந்தது. சன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் சொன்னபடி சுற்றினேன். கூர்க்குறிக்கு அடுத்த முதல் கோட்டின் நிழல் நேராக விழுந்தது, தலையிலும் அடியிலும் சிறு குமிழோடு. பிறைக்கு அடியில் நான் இரண்டாம் கோடு என்று நினைத்தது, காசைத் திருப்பத் திருப்ப வளைந்தது. உளி பிதுக்கிய வெள்ளி. அதன் அடியில் குமிழ் இல்லை.

உரைகல் எழுதியது:

குமிழ் இருந்தால் அது எழுத்து. இல்லாததை விட்டுவிடுங்கள். ஆறாம் பிரிவு. சீசர் கால் நாட்டுப் போரின்போது திரட்டிய படை. அலெக்சாண்டிரியாவில் அவரோடு நின்றது. இன்றைய துருக்கியில் சீசர் நடத்திய ஜேலா போருக்குப் போனபோது ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. அதன் பிறகு ஆண்டனியிடம் வந்தது. பின்னாளில் 'இரும்புப்படை' என்று பெயர்பெற்று சிரியாவில் இருந்தது. இன்னொரு சேதியும் சொல்கிறேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து கூட்டாக ஆண்ட பேரரசர்கள் மார்கஸ் ஆரேலியஸும் லூசியஸ் வேரஸும் ஆண்டனியின் படைக்காசை அதே கப்பல், அதே கழுகோடு மீண்டும் அடித்தார்கள். இருபத்து மூன்று எண்களில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஆறு. அது கிடைத்தால் உங்கள் காசுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பழங்காசு எழுதியது:

ஆறாம் பிரிவு. உறைக்குள் வைக்கும் சீட்டில் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தேன் ஐயா. இப்போதே எழுதிவிட்டேன். பிறை முத்திரையையும் அதன் கீழே வரைந்து வைத்திருக்கிறேன்.